ஐம்பதுக்கு மேலே யாரும் இல்லை

செப்டம்பர் 2, திங்கள்

வரவில்லை. பதினோராவது தடவை.

செப்டம்பர் 3, செவ்வாய்

நேற்று அந்த ஒரு வரியோடு நோட்டை மூடிவிட்டேன். அதற்குமேல் எழுதியிருந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும். ஆய்வகப் பதிவேட்டில் வெப்பநிலை, அழுத்தம், நேரம் மூன்றுக்குத்தான் இடம். 'நாசமாப் போச்சு' என்று எழுத அதில் கட்டம் கிடையாது. அதற்காகத்தான் இந்த நோட்டு.

நிலவரம் இது. ஆறு வருஷமாகக் கோயம்புத்தூரில் இந்த ஆய்வகத்தில் குப்பை கொட்டுகிறேன். சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு பிளாட்டினப் படிகம். காற்றையெல்லாம் வெளியே இழுத்துவிட்ட எஃகு சேம்பருக்குள் அது தொங்கும். அதன்மேல் கார்பன் மோனாக்சைடு வாயுவைத் துளியூண்டு விட்டால், மூலக்கூறுகள் போய் உலோக அணுக்கள்மேல் வரிசையாக உட்காரும். லேசாகச் சூடு காட்டினால் இடம் மாறி வேறு வரிசையில் உட்காரும். எலெக்ட்ரான் கற்றையை அடித்தால் அந்த வரிசை பச்சைத் திரையில் புள்ளிகளாகத் தெரியும். பார்க்க வருகிறவர்கள் தவறாமல் "அட, கோலம் மாதிரி இருக்கே" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மார்ச்சிலும் ஏப்ரலிலும் நாலு தடவை ஒரு புது வரிசை வந்தது. பெரிய புள்ளி ஒவ்வொன்றையும் சுற்றி ஆறு சின்னப் புள்ளிகள். உலகத்தில் யாரும் சொல்லாதது. 'ஆறு பேர்' என்று பெயர் வைத்தேன். என் வழிகாட்டி குலசேகரன் சார் அதைக் கருத்தரங்கில் காட்டினார், எழுந்து நின்று கை தட்டினார்களாம். கட்டுரை அனுப்பினோம். மதிப்பீட்டாளர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: மறுபடி செய்து காட்டுங்கள்.

மே மாதத்திலிருந்து அந்த ஆறு பேரும் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை. என் ஆய்வேட்டின் மூன்றாவது அத்தியாயமே அவர்கள்தான். நவம்பர் 28 கடைசி நாள். அதற்குள் ஒரே ஒரு தடவை வந்தால் போதும். வராவிட்டால் பதிவு காலாவதி, ஆறு வருஷம் கோவிந்தா.

வாயு விஷம் என்பதால் இங்கே ஒரு விதி உண்டு. வேலை முடிந்ததும் சிலிண்டருக்கும் சேம்பருக்கும் நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் குழாயைக் கழற்றி, சுருட்டி, பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டும். இன்று பூட்டப் போனால் பீரோவுக்குள் கரப்பான் குடும்பம். மூன்றாவது அத்தியாயத்தின் ஓரத்தைக் கடித்து வைத்திருக்கிறது. இங்கே கூட்டித் துடைக்கும் மயிலாத்தா அக்கா பார்த்துக்கொண்டே போனாள், ஒன்றும் செய்யவில்லை. மே மாதம் எங்களுக்குள் சின்ன வாக்குவாதம். அதிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

செப்டம்பர் 12, வியாழன்

சேம்பர் முழுக்க அலுமினியத் தாள் சுற்றி, சூட்டுப் பட்டை கட்டி, இரண்டு நாள் நூற்றைம்பது டிகிரியில் வேகவைத்தேன். சுவரில் ஒட்டியிருக்கும் ஈரம், அழுக்கு எல்லாம் இப்படித்தான் கழன்று வெளியே போகும். விரல் இரண்டு சுட்டுக்கொண்டேன். படிகத்தை ஆர்கான் வாயுவால் அடித்துத் தேய்த்து, ஆக்சிஜனில் சுட்டு, மறுபடி தேய்த்து... என் முகத்தைக்கூட நான் இவ்வளவு கழுவியதில்லை.

நிறைமானியில் பார்த்தேன். சேம்பருக்குள் என்ன வாயு இருக்கிறது என்று எடைவாரியாகச் சொல்லும் கருவி அது. இரண்டில் ஹைட்ரஜன், பதினெட்டில் தண்ணீர், இருபத்தெட்டில் நம்ம கார்பன் மோனாக்சைடு, நாற்பத்து நாலில் கார்பன் டை ஆக்சைடு. ஐம்பதில் நிறுத்திவிடுவேன். முதல் வருஷமே சார் சொல்லிக் கொடுத்தது: "ஐம்பதுக்கு மேலே நமக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்லம்மா, அங்க போய் நேரத்தை வீணாக்காதே."

இவ்வளவு சுத்தமாக இந்தச் சேம்பர் என்றைக்கும் இருந்ததில்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

வரவில்லை.

செப்டம்பர் 25, புதன்

அம்மா ஸ்ரீவைகுண்டத்திலிருந்து போன். "ஏட்டி இசக்கி, எப்பத்தான் முடியும் உன் படிப்பு?"

"ரெண்டே மாசம்மா."

"இதத்தான போன தீவாளிக்கும் சொன்ன. அப்படி என்னதாம்ட்டி பண்ணுத அங்க?"

"வாயுவ உலோகத்து மேல உக்கார வச்சு வேடிக்கை பாக்கேன்."

"வாயுத் தொல்லைன்னா சுக்கு காப்பி குடி," என்று வைத்துவிட்டாள். ஆய்வேட்டின் சுருக்கமாக இதையே கொடுத்துவிடலாம் போல.

குழாயையும் கழற்றி ஒரு வாரம் ஜன்னலோரம் காற்றாட விட்டேன், கழுவினேன், உலர்த்தினேன். சுத்தம் செய்யச் செய்ய ஆறு பேர் வரவே மாட்டேன் என்கிறார்கள். பழைய, எல்லாருக்கும் தெரிந்த வரிசைதான் வருகிறது. அழகாக வருகிறது. வயிற்றெரிச்சல்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. அக்கா எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். சேம்பருக்கு வைக்காமல் அதன் காலுக்கு மட்டும் வைத்தாள், யாரும் சொல்லாமலே. என் மேசையில் பொரி, கடலை, வாழைப்பழம் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனாள். பொரியைத் தின்றேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

சார் கூப்பிட்டார். எது கேட்டாலும் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்கிற மனுஷன். இன்றைக்குச் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மூணாவது அத்தியாயம் இல்லாம முடிக்க வழி இருக்கான்னு கேட்டுப் பார்த்தேன். இல்லைன்னுட்டாங்க." அப்புறம், "ஏப்ரலுக்கும் மேக்கும் நடுவுல என்ன மாறுச்சு? எது மாறியிருந்தாலும் எழுது. பைத்தியக்காரத்தனமா இருந்தாலும் எழுது."

எழுதினேன். புது சிலிண்டர். பம்ப் எண்ணெய் மாற்றியது. ஏ.சி. பழுதானது. வெப்பமானிக் கம்பி அறுந்து ஒட்டியது. பதினேழு வரி. ஒவ்வொன்றாகப் பழையபடி மாற்றிப் பார்க்க ஒரு வருஷம் ஆகும். பாத்ரூமில் போய் அழுதேன். இதையும் பதிவேட்டில் எழுத முடியாது.

அக்டோபர் 17, வியாழன்

ஏப்ரல் 12-ஆம் தேதி நிறைமானியைச் சரிசெய்ய ஒரு இன்ஜினியர் வந்தார். சோதிப்பதற்காக இருநூறு வரைக்கும் ஓட்டி, ஒரு தாளை அச்செடுத்துக் கோப்பில் செருகிவிட்டுப் போயிருக்கிறார். அன்றைக்குப் பிற்பகல்தான் ஆறு பேர் மூன்றாவது தடவை வந்தார்கள். அந்தத் தாளை ஆறு மாதமாக நான் திறந்துகூடப் பார்த்ததில்லை. இன்று பார்த்தேன்.

ஐம்பதுக்கு மேலே யாரோ இருக்கிறார்கள். நூற்றிருபத்தெட்டில். சின்னதாக, ஆனால் நெட்டுக்குத்தாக ஒரு கோடு.

பம்ப் எண்ணெய் இல்லை, அது பல எடைகளில் கூட்டமாக வரும். இது தனியாள். இப்போதைய சேம்பரில் ஓட்டிப் பார்த்தேன், அங்கே ஒன்றுமே இல்லை. யார் நீ?

அக்டோபர் 22, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் பீரோவைத் திறந்ததும் ஒரு கரப்பான் பறந்து என் கழுத்தில் உட்கார்ந்தது. நான் போட்ட சத்தத்தில் நாலு அறை தள்ளி இருந்தவர்கள் எல்லாம் ஓடி வந்தார்கள். எல்லாரும் போனபிறகு அக்காவைப் பார்த்துக் கத்தினேன்: "இந்தப் பீரோவுக்கு ஏதாவது பண்ணுங்கன்னு எத்தனை தடவைக்கா சொல்றது?"

அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். அஞ்சு மாதத்தில் முதல் தடவையாக நேராக என் முகத்தைப் பார்த்தாள்.

"பண்ணிட்டுத்தான இருந்தனுங்க அம்மிணி. மாசா மாசம் பாச்சை உருண்டை போட்டு வெச்சனுங்க, ஒரு பூச்சி அண்டுச்சா? நீங்கதானுங்க நாத்தமடிக்குதுன்னு வீசியெறிஞ்சீங்க."

மே மாதத்துச் சின்ன வாக்குவாதம் என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அது வாக்குவாதம் இல்லை. கத்தினது நான் மட்டும்தான். அன்றைக்கு வெளியூர்ப் பேராசிரியர்கள் வருவதாக இருந்தது, பீரோவைத் திறந்தால் குப்பென்று வாடை. "இது லேபா, ஜவுளிக்கடை கிடங்கா?" என்று கேட்டுவிட்டு, உருண்டைகளை அள்ளி வராந்தாவில் எறிந்தேன். வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க அக்கா ஒவ்வொன்றாகக் குனிந்து பொறுக்கினாள்.

அக்கா அந்தப் பக்கம் போனதும் அப்படியே நின்றேன். பாச்சை உருண்டை. நாப்தலீன். பத்து கார்பன், நூற்றிருபது. எட்டு ஹைட்ரஜன். நூற்றிருபத்தெட்டு.

பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியல் டீச்சர் என்னை எழுப்பிக் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. உறிஞ்சுதலுக்கும் பரப்பு கவர்தலுக்கும் என்ன வித்தியாசம்? மாற்றிச் சொன்னேன், வகுப்பே சிரித்தது. உறிஞ்சினால் உள்ளே போய்விடும், கவர்ந்தால் மேலேயே நிற்கும். இங்கே இரண்டும் நடந்திருக்கிறது. பூட்டிய பீரோவில் பிளாஸ்டிக் குழாய் உருண்டையின் ஆவியை உறிஞ்சி வைத்துக்கொண்டது. அதன் வழியாக வாயுவை விட்டபோது அதுவும் கூடவே கொஞ்சம் வந்தது. பிளாட்டினம் இரண்டையும் கவர்ந்துகொண்டது. என் ஆறு பேர் கார்பன் மோனாக்சைடின் புது வரிசையே இல்லை. நடுவில் யாரோ குந்தியிருந்ததால் வந்த வரிசை.

கை தட்டினார்களே. ஐயோ.

அக்டோபர் 23, புதன்

கடையில் ஒரு பாக்கெட் பாச்சை உருண்டை வாங்கினேன்.

அக்டோபர் 24, வியாழன்

எதற்கு வாங்கினேன் என்று எழுதித் தொலைக்கிறேன். பீரோவில் போட்டுப் பூட்டினால் ஒரு வாரத்தில் குழாய் உறிஞ்சிவிடும். ஆறு பேர் வருவார்கள். படம் எடுக்கலாம். 'மறுபடி செய்து காட்டினோம்' என்று எழுதினால் அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அக்காவுக்கும் சந்தோஷம், கரப்பானும் ஒழியும். யாருக்கும் தெரியாது.

பாக்கெட் பைக்குள் இருக்கிறது. துணியெல்லாம் வாடை.

அக்டோபர் 29, செவ்வாய்

தீபாவளிக்கு ஊருக்கு. நாகர்கோவில் போகும் பகல் ரயில், முன்பதிவில்லாப் பெட்டி. பண்டிகைக் கூட்டம், மூச்சு விட இடமில்லை. இவ்வளவு நெரிசலிலும் ஒரு மகராசன் மூன்று பேர் உட்கார வேண்டிய பெஞ்சில் நீட்டிப் படுத்திருந்தான். எதிர் பெஞ்சில் இன்னொருத்தன். மதுரை வரைக்கும் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார்கள், அசையவில்லை. கடைசியில் எல்லாரும் ஒவ்வொருத்தனையும் சுற்றி, ஜன்னலோரத் தலைமாட்டில் ஒருவர், கால்மாட்டில் ஒருவர், பெஞ்சுக்கு முன்னால் இரண்டு, சாய்வுப் பலகைக்குப் பின்னால் இரண்டு என்று அளவெடுத்த மாதிரி நின்றார்கள். நானும் அதில் ஒருத்தி.

நின்றபடியே எண்ணினேன். ஆறு பேர்.

கார்பன் மோனாக்சைடு நிற்கிற சாதி. நாப்தலீன் தட்டை, படுத்துக்கொள்ளும். படுத்தவன் இல்லாவிட்டால் நாங்கள் வழக்கம்போல வரிசையாக உட்கார்ந்திருப்போம், பழைய வரிசையில். அவன் படுத்ததால்தான் இப்படி நிற்கிறோம். அப்படியென்றால் என் படம் அழுக்கு இல்லை. பெயர்தான் தப்பு. படுத்தவனின் பெயரை எழுதாமல் விட்டிருக்கிறேன்.

விருதுநகர் வரைக்கும் எனக்கு நானே சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் நின்ற அம்மாள் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

ஆனால் இது ஊகம்தான். நிரூபிக்க வேண்டுமானால் சாரிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சொன்னால் கட்டுரை போகும். ஒரு மாதத்துக்குள் நிரூபிக்க முடியாவிட்டால் நானும் போவேன். பாக்கெட்டை அம்மாவிடம் கொடுத்தேன், பட்டுப் புடவைக்கு வைக்கச் சொல்லி.

நவம்பர் 4, திங்கள்

சொல்லிவிட்டேன். இன்ஜினியரின் தாளை மேசையில் வைத்து, மே மாதத்தில் உருண்டையை எறிந்ததிலிருந்து கடையில் பாக்கெட் வாங்கினது வரைக்கும்.

சார் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "எதுவரைக்கும் ஓட்டுவே நீ?"

"ஐம்பது, சார்."

"ஏன் ஐம்பது?"

கேட்டு முடிப்பதற்குள் அவருக்கே ஞாபகம் வந்தது, முகத்தில் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றினார், துடைக்க மறந்து கையிலேயே வைத்திருந்தார்.

"நான்தாம்மா சொன்னேன். இருபது வருஷமா எல்லாருக்கும் அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்."

என் முன்னாலேயே கடிதம் எழுதினார். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம், பிழை எங்களுடையது. கருத்தரங்குக்காரர்களுக்கும் ஒன்று. அனுப்பிவிட்டுத் திரும்பி, "அந்தப் பாக்கெட் எங்கே?" என்றார்.

"அம்மாவோட புடவைக்கு நடுவுல, சார்."

எனக்கு வழிகாட்டியாக வந்ததிலிருந்து அவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அப்புறம் கறாராக, "கடை உருண்டை சேம்பர் பக்கமே வரக்கூடாது. வேதியியல் துறையில சுத்தமான நாப்தலீன் வாங்கு. தனியா ஒரு குழாய், தனியா ஒரு வால்வு. முதல்ல அது மட்டும், அப்புறம் இது மட்டும், அப்புறம் ரெண்டும். இருபத்து நாலு நாள் இருக்கு." கொஞ்சம் பொறுத்து, "பார்க்கலாம்."

அந்த 'பார்க்கலாம்' கேட்டதும் எனக்கு உயிர் வந்தது.

நவம்பர் 5, செவ்வாய்

ஊரிலிருந்து கொண்டுவந்த கருப்பட்டி மிட்டாயை அக்காவிடம் கொடுத்தேன். "அன்னைக்கு அப்படி எறிஞ்சது தப்புக்கா. எல்லார் முன்னாடியும் உங்களைக் குனிய வச்சுட்டேன். மன்னிச்சுக்கோங்க." ஒத்திகை பார்த்துக்கொண்டு போன மற்றதெல்லாம் மறந்துவிட்டது.

அக்கா மிட்டாயை முந்தானையில் முடிந்தாள். "நீங்க கோவக்காரின்னு தெரியுமுங்க. கோவம் போக இத்தன மாசம் ஆவும்னுதான் தெரியல," என்றாள். சிரித்தாள்தான். ஆனால் கண் கலங்கியிருந்தது. எனக்கும்.

நவம்பர் 13, புதன்

நாப்தலீன் மட்டும்: திரையில் தெளிவில்லாத மங்கல் வட்டம். ஆறு பேர் இல்லை. நல்லது.

நவம்பர் 15, வெள்ளி

கார்பன் மோனாக்சைடு மட்டும்: பழைய வரிசை. நல்லது.

நவம்பர் 19, செவ்வாய்

இரண்டும் சேர்த்து: ஒன்றும் இல்லை. மங்கல் வட்டம்தான். மறுபடி. மறுபடி.

நவம்பர் 20, புதன்

இல்லை. ஒன்பது நாள் பாக்கி என்று எண்ணினேன், எட்டுதான்.

நவம்பர் 21, வியாழன்

இன்றும் காலையிலிருந்து மூன்று தடவை. சார் வந்து பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் மங்கல் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவருக்கு ரயில் கதையைச் சொன்னேன், சும்மா, பேச வேறு எதுவும் இல்லாததால். படுத்த இரண்டு பேர், நின்ற நாங்கள்.

"பெட்டியில எத்தனை பேர் படுத்திருந்தாங்க?" என்றார்.

"ரெண்டே பேர்தான் சார். எல்லாரும் படுத்துட்டா நிக்க ஏது..."

பாதியில் நிறுத்தினேன். சார் எழுந்தே விட்டார். ஏப்ரலில் குழாயிலிருந்து கசிந்தது துளியூண்டு. நான் இப்போது ஆசை ஆசையாகத் திறந்து விட்டிருப்பது அதைப்போல நூறு மடங்கு. பெட்டி முழுக்க ஆட்களைப் படுக்கப் போட்டுவிட்டு, நிற்க ஆள் வரவில்லையே என்று அழுதிருக்கிறேன். கூறுகெட்டவள்.

நவம்பர் 22, வெள்ளி

படிகத்தைத் தேய்த்துச் சுட்டேன். நாப்தலீன் வால்வை மூன்று விநாடி மட்டும் திறந்தேன். அப்புறம் கார்பன் மோனாக்சைடு. நிறைமானி இருநூறு வரைக்கும் ஓடியது, நூற்றிருபத்தெட்டில் சின்னதாக, நெட்டுக்குத்தாக ஆள் நின்றார். லேசாகச் சூடு காட்டினேன்.

பிற்பகல் மூன்றே கால். முதலில் மங்கல். அப்புறம் மங்கல் உடைந்து துண்டு துண்டாகியது. துண்டுகள் கூர்மையாகின. ஒரு பெரிய புள்ளி, சுற்றி ஆறு.

சார் என் தலையில் கை வைத்துவிட்டு எடுத்தார். நான் ஓடிப்போய் அக்காவை இழுத்து வந்து திரையின் முன்னால் நிறுத்தினேன்.

"அட, கோலமாட்டம் இருக்குதுங்க," என்றாள்.

"ஆமாக்கா," என்றேன். "கோலம்தான்."

நவம்பர் 25, திங்கள்

மறுபடி வந்தது. இரண்டு தடவை. நாப்தலீனை நிறுத்தினால் போய்விடுகிறது, துளி விட்டால் வருகிறது. சொன்னபடி கேட்கிறது.

நவம்பர் 28, வியாழன்

காலை பதினொன்றரைக்குக் கொடுத்துவிட்டேன். மூன்றாவது அத்தியாயத்தின் தலைப்பு மாறிவிட்டது, இப்போது அதில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. பின்னிணைப்பில் திரும்பப் பெற்ற கட்டுரையின் கதையும் இருக்கிறது, ஏப்ரல் 12-ஆம் தேதித் தாளும் இருக்கிறது. தேர்வாளர்கள் என்ன சொல்வார்களோ தெரியாது. சொல்லட்டும், பதில் என்னிடம் இருக்கிறது.

அந்தப் பின்னிணைப்பில் ஒரு அட்டவணை: ஏப்ரலில் சேம்பருக்குள் போன பொருட்கள், கிடைத்த இடம், தூய்மை. பிளாட்டினத்துக்கு எழுதினேன், வாயுவுக்கு எழுதினேன். நாப்தலீனுக்கு நேராக, 'கிடைத்த இடம்: திருமதி மயிலாத்தாள், ஆய்வகப் பீரோ. தூய்மை: தெரியாது.' சார் படித்துப் பார்த்தார். அடித்துவிடுவார் என்று நினைத்தேன். 'நன்றியுடன்' என்று ஒரு சொல் சேர்த்தார்.

அந்தப் பக்கத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். தன் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டு, விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள். அப்புறம் பீரோவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப அம்மிணி, இனிமே உருண்டை போடலாமுங்களா? கரப்பான் குட்டி போட்டுக் கெடக்குது."

"போடுங்கக்கா," என்றேன். "குழாயை நான் வெளியே எடுத்துக்கறேன். போட்டா மட்டும் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"நீங்க கத்தாம இருந்தா சொல்றனுங்க," என்றாள்.